வெர்னா, சர்ச்லைட்

அந்தத் தொடர் மொத்தமே நான்கு வியாழக்கிழமைதான் ஓடியது. ‘பாரடைஸ் டவர்’ என்று பெயர். லாஸ் வேகாஸில் ஒரு கேசினோ ஹோட்டல், அதற்கு ஒரு முதலாளி, அவனுக்கு இரண்டு பெண்டாட்டி, மாடிக்கு மாடி ஒரு கள்ளக்காதல். 1979 ஜனவரியில் எங்கள் ஊர் பஸ்களின் முதுகில் எல்லாம் அந்த முதலாளியின் பல்தான் தெரிந்தது. முதல் வாரம் பார்த்ததுமே ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. வளையலே போடக் கூடாத கேசினோ மேசையில் ஒருத்தி வளையல் குலுங்கச் சீட்டு போட்டால் சிரிக்காமல் என்ன செய்வது?

வெர்னா ஹூபர் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தத் தொடரை நம்பி உட்கார்ந்திருந்தாள். குடிகாரன் கடைசி ஆட்டத்தை நம்புவானே, அப்படி.

வெர்னா பழைய கடைத்தெருவில் இருந்த ஒரு கேசினோவில் இருபத்திரண்டு வருடமாக ‘இருபத்தொன்று’ மேசையில் சீட்டு போட்டவள். இருபத்தொன்றைத் தாண்டாமல் யாருக்கு அதிகம் வருகிறதோ அவருக்கு ஜெயம் என்கிற சீட்டாட்டம் அது. வயது நாற்பத்தெட்டு. புருஷன் என்று ஒருவன் இருந்தான், எப்போதோ போய்விட்டான், அவனைப் பற்றிப் பேச அவளுக்கே ஒன்றும் இல்லை. ஒரே மகள் ட்ரூடி. 1976இல், பதினேழு வயதில், கிட்டார் வாசிக்கிற ஒருவனோடு போக நின்றாள். அன்றைக்கு வெர்னா வாசலை மறித்துக்கொண்டு, “இந்தக் கதவத் தாண்டினா நீ எனக்குப் பொண்ணு இல்லடி. அப்புறம் அழுதுகிட்டு வந்து நிக்காத” என்றாள். ட்ரூடி தாண்டினாள். சொன்ன சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிற பெண். அம்மாவுக்கு வாய்த்த பிள்ளை.

ஆறு மாதம் கழித்து ஒரு அட்டை வந்தது. ‘உயிரோடு இருக்கிறேன். தேடாதே.’ அதில் ஊர் பெயர் இல்லை, முத்திரையும் மை கலைந்து கிடந்தது. வெர்னா தேடாத இடம் இல்லை. போலீஸ்காரர்கள், “பதினெட்டு ஆயிருச்சுல்ல, அது அவ இஷ்டம்” என்று கையை விரித்தார்கள். பஸ் நிலையங்களில் அவள் ஒட்டிவைத்த படங்கள் வெயிலில் வெளுத்து யார் படம் என்றே தெரியாமல் போயின.

அதற்குமேல் இன்னொரு இடி. அவள் குடியிருந்த இழுவை வண்டி வீடுகள் நின்ற மனையை ஒரு ஹோட்டல்காரன் கார் நிறுத்த வாங்கிவிட்டான். எல்லோரையும் காலி செய்யச் சொன்னார்கள். வெர்னா ஒரு மணி நேரத் தொலைவில், சர்ச்லைட் என்கிற பொட்டல் ஊருக்குப் போனாள். முந்நூறு பேர், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தபால் நிலையம். போன் நம்பர் மாறிப்போயிற்று. டெலிபோன் கம்பெனி ஜன்னலில் நின்று பழைய நம்பரை விட்டுவைக்கும்படி மன்றாடினாள். ஊர் மாறினால் நம்பரும் மாறும் என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

சில நாள் அவளே அந்தப் பழைய நம்பரைச் சுழற்றுவாள். ‘நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை’ என்று பதிவு செய்த ஒரு பெண் குரல் வரும். ட்ரூடி கூப்பிட்டால் இதைத்தானே கேட்பாள், அம்மா சொன்னதைச் செய்துவிட்டாள் என்றுதானே நினைப்பாள் என்று வெர்னா தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். கேட்டுவிட்டு வைப்பாள். மறுபடி சுழற்றுவாள்.

இந்த நிலைமையில்தான் ‘பாரடைஸ் டவர்’ ஆட்கள் கை தேடி வந்தார்கள்.

கை என்றால் வெறும் கை. நடிகைகளுக்குச் சீட்டு கலைக்கத் தெரியாது. மூஞ்சி நடிகையுடையதாக இருக்கும், நெருக்கத்தில் காட்டும்போது கை மட்டும் தெரிந்தவளுடையதாக இருக்கும். உதவி டைரக்டர் ஹால் என்கிற ஒல்லிப் பையன் வெர்னாவின் மேசையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, தோற்று, எழுந்து, “மேடம், உங்க கை ரெண்டும் எங்களுக்கு வேணும்” என்றான்.

பக்கத்து மேசை மேவிஸ் சும்மா இருப்பாளா? “கை போதுமாம்டி! மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னுட்டான் பாரு!” என்றாள்.

ட்ரூடிக்கு டிவி என்றால் உயிர். அதிலும் கேசினோ வருகிற கதை என்றால் பசி தாகம் தெரியாது. குற்றம் கண்டுபிடிக்கவே பார்ப்பாள். “அம்மா, அம்மா, இங்க வந்து பாரேன், ஏப்ரன் கட்டாம சீட்டு போடறா! பாக்கெட்டுல பணச் சில்லு போட்டுக்குவான்னு எவனும் கேக்க மாட்டானா?” என்று கத்துவாள். எங்கே இருந்தாலும் இந்தத் தொடரை அவள் பார்ப்பாள். இது வெர்னாவுக்கு மறுநாள் விடியும் என்பதைப் போல நிச்சயம்.

“கை தர்றேன் தம்பி. ஆனா ஒரு தடவ என் மூஞ்சியக் காட்டணும். ஒரே ஒரு தடவ” என்றாள் ஹாலிடம்.

பையன் இளகிய மனசுக்காரன். ஏழாவது வாரத்துக் கதையில் அவளுக்கு ஒரு வரி வசனமே வாங்கிக் கொடுத்தான்.

கேசினோ மேலாளர் மூன்று வாரம் லீவு தர மறுத்தார். “நட்சத்திரமாகப் போறியா? போ. திரும்பி வர்றப்ப பகல் வேல உனக்காகக் காத்திருக்காது” என்றார். காத்திருக்கவில்லைதான். திரும்பியபோது ஆள் வராத அன்றைக்கு மட்டும் கூப்பிடுகிற பட்டியலில் அவள் பெயரைக் கடைசியில் எழுதி வைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருடத்தை ஒரு பேனாக் கிறுக்கலில் முடித்துவிட்டார்கள், நல்லா இருக்கட்டும்.

எங்கள் ஊரில் கேசினோவில் வேலை பார்க்கிற எல்லோர் நெஞ்சிலும் ஒரு பேட்ஜ் இருக்கும். மேலே பெயர், கீழே சொந்த ஊர். ஆட வருகிறவன், “அட, நீயும் அந்தப் பக்கமா?” என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே தோற்பதற்கு வசதியாக. வெர்னாவின் பேட்ஜில் எப்போதும் ‘வெர்னா, நெப்ராஸ்கா’ என்றுதான் இருந்தது. படப்பிடிப்புக்கு முந்தின வாரம் பேட்ஜ் வெட்டுகிற கடைக்குப் போய், சாதாரணத்தைவிடப் பெரிய எழுத்தில் புதிதாக ஒன்று வெட்டி வாங்கினாள். ‘வெர்னா, சர்ச்லைட்.’ ட்ரூடி அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள், பேட்ஜைப் பார்ப்பாள், அம்மா எந்த ஊரில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வாள். முந்நூறு பேர் ஊரில் ஒரு வெர்னாவைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

அன்று காலை ஏழு மணிக்கே படப்பிடிப்பு. ஒரு ஹோட்டல் தன் கூடத்தில் பாதியைப் பதினோரு மணிவரை கொடுத்திருந்தது. உடை கொடுத்த பெண் ‘ரூபி’ என்று ஒரு பேட்ஜைக் குத்திவிட்டுப் போனாள். வெர்னா அதைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன்னுடையதைக் குத்திக்கொண்டாள். கேமராவுக்கு நேராக இருக்கட்டும் என்று லேசாகத் திருப்பியும் வைத்தாள்.

காட்சி சின்னதுதான். முதலாளியின் தம்பி கடைசிச் சில்லு வரைக்கும் வைத்து ஆடித் தோற்க வேண்டும். வெர்னா தன் சீட்டைப் புரட்டி, “மன்னிக்கணும் சார், இருபது” என்று சொல்லி, அவன் சில்லுகளை வாரிக்கொள்ள வேண்டும். அவ்வளவே. இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளைக்கு முந்நூறு தடவை செய்த வேலை.

சீட்டு அடுக்கியவன் மாற்றி அடுக்கித் தொலைத்துவிட்டான். வெர்னா புரட்டினாள். அவளுக்குப் பதினெட்டு. நடிகனுக்கு இருபது. அவள் என்ன ஏது என்று யோசிக்கும் முன்பே கை சில்லுப் பெட்டிக்குள் போய், சில்லுகளை எண்ணி, நடிகன் முன்னால் அழகாக அடுக்கி, ஒரு விரலால் அவன் பக்கம் தள்ளியும் விட்டது.

“கட்!” டைரக்டர் எழுந்து வந்தார். “யம்மா, என்ன பண்றீங்க? அவன் தோக்கணும்!”

“சார், அவருக்கு இருபது வந்திருக்கு. எனக்குப் பதினெட்டுதான்.”

“சீட்ட எவன் பாக்கறான்? கேமரா அவன் மூஞ்சில இருக்கு. நீங்க சில்ல வாருங்க.”

“சீட்ட மாத்திட்டா போதும் சார். ஒரு நிமிஷ வேல.”

“இதே சீட்டோட மூணு ஷாட் எடுத்தாச்சும்மா. மறுபடி மொதல்லேர்ந்து எடுக்க முடியாது. வாருங்க, போதும்.”

இரண்டாவது முறை வெர்னா மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். வாரு, வாரு என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கை சில்லுகள் வரை போனது. ஜெயித்தவன் சில்லு. அதைத் தொட்டால் அன்றே வேலை போகும், ஊரில் எந்த மேசையிலும் நிற்க முடியாது. கை அங்கேயே நின்றது. தலை தானாக மேலே, கூரைப் பக்கம் திரும்பியது. கூரைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மேசைகளை வேவு பார்க்கிறவர்களுக்கு இத்தனை வருடமாகப் பயந்த தலை அது. வாய் திறந்தது.

“ஃப்ளோர்!”

மேசையில் கணக்குத் தப்பினால் எதையும் தொடாமல் மேற்பார்வையாளரை அப்படித்தான் கூப்பிட வேண்டும். கூட்டமாக நிற்க வந்திருந்த துணை நடிகர்களில் பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள். ஓய்வு பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் பின்னாலிருந்து, “என்ன வெர்னா, என்ன ஆச்சு?” என்று கேட்டுக்கொண்டே நேராகக் கேமராவுக்கு முன்னால் நடந்து வந்துவிட்டார்.

கூடமே சிரித்தது. டைரக்டர் சிரிக்கவில்லை. மணி பத்தரை. சுற்றிலும் பார்த்தார். பானத் தட்டை ஏந்தி நின்ற ஒரு பெண்ணைக் காட்டி, “ஏம்மா நீ, ஒரு வரி பேசுவியா? வா, அங்க போய் நில்லு” என்றார். “பெரியம்மாவோட கைய மட்டும் அப்புறமா எடுத்துக்கலாம்.”

வெர்னாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாலின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “தம்பி, இன்னொரே ஒரு தடவ. இந்தத் தடவ வாரிடறேன். சத்தியமா வாரிடறேன். தம்பி, உனக்குப் புரியாது, என் மூஞ்சி வரணும்ப்பா.” ஹால் அவள் முகத்தைப் பார்க்காமல், “என் கையில ஒண்ணும் இல்ல மேடம்” என்றான். இல்லைதான்.

அந்தப் பெண்ணுக்கு ஷெரி வின்டர்ஸ் என்று பெயர். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நடிக்க வந்து, வேகாஸில் தட்டு ஏந்துகிறவள். வெர்னா தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டாள். பேட்ஜைக் கழற்றப் போன ஷெரியின் கையைப் பிடித்தாள்.

“இது இருக்கட்டும் கண்ணு.”

“சர்ச்லைட்டா? அப்படி ஒரு ஊரா?”

“என் பொண்ணு இத டிவியில பாப்பா. எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. மூணு வருஷமாச்சு, கோவிச்சுக்கிட்டுப் போயி.”

ஷெரி கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டாள். பிறகு, “போனவங்க ஏதோ ஒரு காரணத்துக்குத்தான்மா போயிருப்பாங்க” என்றாள்.

வெர்னாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ‘நீ என்னடி கண்டே, நண்டும் சிண்டுமா இருந்துகிட்டு’ என்று நாக்கு நுனி வரை வந்தது. பேட்ஜ் அவள் நெஞ்சில் இருக்கிறதே என்று விழுங்கிக்கொண்டாள். ஷெரி முதல் முறையிலேயே வசனத்தைச் சொல்லி, சில்லுகளை அள்ளி எடுத்துவிட்டாள். அவளுக்கு இருபதும் தெரியாது, பதினெட்டும் தெரியாது.

வேலை முடிந்ததும் அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்து, நடிகர்களுக்கு வைத்த ரொட்டியில் நான்கைக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைப்பதை வெர்னா பார்த்தாள். கோபம் அதோடு போயிற்று. மேவிஸின் தம்பி காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான். அங்கே சொல்லி அவளுக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுத்தாள்.

நான்காவது வியாழனோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லையாம். ஐந்தாவது வியாழன் அந்த நேரத்துக்கு நாய்கள் வித்தை காட்டுகிற நிகழ்ச்சி ஒன்று ஓடியது. வெர்னா அது முடியும்வரை டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏழாவது வாரத்துக் கதை எங்கோ ஒரு டப்பாவில் கிடந்தது.

அவள் டிவி நிலையத்துக்குக் கடிதம் எழுதினாள். ஒன்றல்ல, இருபத்தாறு. வேறு வேறு பெயரில், வேறு வேறு கையெழுத்தில், ‘எங்கள் குடும்பமே விரும்பிப் பார்க்கிற தொடர், தயவு செய்து நிறுத்தாதீர்கள்’ என்று. தயாரிப்பாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டால், கேட்ட மாத்திரத்தில் குரலை அடையாளம் கண்டு அவர்கள் போனை வைத்துவிடுகிற அளவுக்கு ஆனது. மேவிஸ் ஒருநாள் நேராகவே சொன்னாள். “விட்டுருடி. அவ பாத்தாலும் பாப்பா, பாக்காமலும் போவா. நீ கரைஞ்சு போயிடுவ.” வெர்னா அவளோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஜூலையில் ஹால்தான் கூப்பிட்டான். சனிக்கிழமை மதியம், பந்து விளையாட்டு எதுவும் இல்லாத நேரத்தை நிரப்ப, மிச்சமிருந்த மூன்று கதைகளையும் நாடு முழுக்கப் போட்டுத் தள்ளப் போகிறார்களாம். “ஏழாவது, இருபத்தெட்டாம் தேதி வருது மேடம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு.”

அன்றைக்கு வெர்னா தலை வாரிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். யாரோ வீட்டுக்கு வரப் போகிற மாதிரி. நாற்பதாவது நிமிடத்தில் அவளுடைய கைகள் வந்தன, நான்கு வினாடி. பிறகு ஷெரியின் முகம் திரையை நிறைத்து வந்தது. நெஞ்சில் பேட்ஜ். எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் படிக்கலாம். வெர்னா எழுந்து போய் போனின் ரிசீவர் சரியாக வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

சனி போயிற்று. ஞாயிறு அவள் தண்ணீர் பிடிக்கக்கூட வெளியே போகவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு போன் அடித்தது. ஓடியதில் முழங்கால் மேசையில் இடித்தது.

“ட்ரூடி! ட்ரூடி, வைக்காத, வைக்காதம்மா...”

“ஹலோ?” வயதான குரல். “அங்க வெர்னாங்கறவங்க... மன்னிக்கணும், நான் கான்சஸ்லேர்ந்து பேசறேன். எட்னா ப்ரூவர். சர்ச்லைட் தபால் ஆபீஸ்ல கேட்டேன், அவங்கதான் இந்த நம்பரக் குடுத்தாங்க. அந்த ஊருல ஒரே ஒரு வெர்னாதான்னாங்க.”

“நான்தான்.”

“நீங்களா? இல்லியே. என் பொண்ணு லூஆன்... சனிக்கிழம டிவியில பாத்தேன். சீட்டு போடறா. சட்டையில வெர்னா, சர்ச்லைட்னு போட்டிருந்துச்சு. பேர மாத்திக்கிட்டா போலிருக்குன்னு நெனச்சேன். நாலு வருஷமாச்சுங்க, அவ வீட்ட விட்டுப் போயி.”

ஷெரியைத்தான் சொல்கிறாள் என்று வெர்னாவுக்குப் புரிந்தது. முதலில் வந்தது ஆத்திரம்தான், அதை மறைப்பானேன். என் பேட்ஜ், என் ஊர், என் மூன்று வருடம், போன் வந்தது உன் பிள்ளைக்கா என்று அந்தக் கிழவியின் காதில் கத்தலாம் போலிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள்.

“நல்லா இருக்கா” என்றாள். “ஒரு சாப்பாட்டுக் கடையில வேல பாக்கறா. எனக்குத் தெரியும்.”

“சாப்பிடறாளா? டிவியில கன்னமெல்லாம் ஒட்டிப்போய்...”

“சாப்பிடறா. கடைக்காரன் நல்ல மனுஷன். பல்லுல சின்னதா ஒரு ஓட்டை இருந்துச்சு, அடைச்சுக்கிட்டா. முடிய இப்ப குட்டையா வெட்டியிருக்கா.” தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னாள். ட்ரூடியைப் பற்றி யாராவது தன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஏங்கியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தேடித் தேடிச் சொன்னாள்.

“அவ நம்பர்...”

“அவளக் கேக்காம நான் தரக் கூடாதும்மா. நானே கூப்பிட்டுச் சொல்றேன். என்ன சொல்லட்டும்?”

நெடுநேரம் சத்தமில்லை. எட்னா எப்படிப்பட்ட பெண் என்று வெர்னாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கண்ணாடியில் பார்க்கிற ஆள்தான்.

“அவளோட குளிர் கோட்டு இங்கதான் இருக்குன்னு சொல்லுங்க” என்றாள் எட்னா.

“வேற?”

“வேற என்ன? அவ்வளவுதான்.”

வெர்னா கடைக்குப் போன் போட்டு ஷெரியைக் கூப்பிடச் சொன்னாள். தட்டுச் சத்தத்துக்கு நடுவே அவள் வந்தாள். “என்ன வெர்னாம்மா, இந்த நேரத்துல?”

“கான்சஸ்லேர்ந்து ஒங்கம்மா பேசினாங்க. ஒன்ன டிவியில பாத்தாங்களாம்.”

ஷெரி இறுகின குரலில், “என்ன வேணுமாம்?” என்றாள்.

“அன்னிக்கு வாசல்ல நான் சொன்னது தப்புன்னாங்க. கோவத்துல சொன்னேன், சொன்ன நிமிஷமே தப்புன்னு தெரிஞ்சுது, ஆனா வாயத் தொறக்கலன்னாங்க. நீ எப்ப வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நீ எனக்குப் பொண்ணுதான்னாங்க.”

“எங்கம்மாவா? எங்கம்மா சொன்னாங்களா?” அவள் குரல் உடைந்தது. “அவங்க வாயாலயா?”

“அவங்க வாயாலதான்.”

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

வெர்னா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “நான் சொன்னது தப்பு” என்றாள். “தப்புதான் ட்ரூடி. மன்னிச்சுரு.”

மறுமுனையில் அழுதுகொண்டிருந்த பெண் அந்தப் பெயரைத் திருத்தவில்லை.